கோணப்பட்டி மெத்தைக்காரர்கள் பகை தீர்த்த கதை

கோணப்பட்டிக்காரர்களுக்கு யோசனை சொல்கிறவன் கூடவே நின்று அவர்கள் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும். சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுத் தூங்கிவிட்டால், அவன் எழுந்திருப்பதற்குள் அந்த யோசனையை அவர்கள் செய்து முடித்திருப்பார்கள். அதுதான் ஆபத்து.

அந்த ஊரில் இலவம்பஞ்சு மெத்தையும் தலையணையும் தைத்து விற்கிற குடும்பம் ஒன்று. மூத்தவர் மொக்கராசு. அவர் தம்பி ஒச்சு. மொக்கராசுவின் மனைவி பேச்சியம்மாள். பேச்சியம்மாளின் தம்பி சடையன். தைக்கிற வேலை முழுக்கப் பேச்சியம்மாளுடையது. தைத்த மெத்தையில் படுத்துப் பார்த்து, "நல்லாருக்கு" என்று சொல்வது மற்ற மூவரின் வேலை. பொறுப்பான வேலை. மூவரும் ஒருநாள்கூட லீவு போட்டதில்லை.

ஜனமெல்லாம் ஃபோம் மெத்தைக்கு மாறிவிட்டதால், பேச்சியம்மாள் வருஷம் முழுக்கத் தைத்தது விற்காமல் குடோன் நிறையக் கிடந்தது. குடோனுக்குத் தகரக்கூரை. கூரையில் ஓர் ஓட்டை. மேற்கே மலைமேல் மேகம் ஏற ஆரம்பித்திருந்தது. இலவம்பஞ்சு ஒருதரம் நனைந்தால் அதற்கப்புறம் அது பஞ்சில்லை, களி.

பேச்சியம்மாள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு சொன்னாள்: "இங்க பாருங்க. மழைக்கு முன்னாடி இந்தப் பஞ்சு பூராவும் குடோனை விட்டு வெளியே போகணும். போகலைன்னா நான் கோம்பைக்கு எங்கப்பன் வீட்டுக்குப் போயிருவேன். காலைப் பிடிச்சாலும் திரும்ப மாட்டேன்."

"ஓட்டையை அடைச்சுட்டா என்ன மதினி?" என்றான் ஒச்சு.

மொக்கராசு அவனைப் பரிதாபமாகப் பார்த்தார். "மெத்தை வித்துப் போச்சுன்னா ஓட்டை ஒழுகி எதைடா நனைக்கப் போகுது? அது பாட்டுக்கு இருக்கிற ஓட்டையை ஏன்டா கெடுக்கிறே?"

நியாயம்தான் என்று ஒச்சு அடங்கிவிட்டான். மூன்று ஆண்களும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தேனிக்குப் பஸ் ஏறினார்கள். அங்கே டெல்வின் என்று ஒருவன், ஆன்லைனில் விளம்பரம் பண்ணி வியாபாரத்தைத் தூக்கிவிடுகிறவன். சுழல் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு பேசுவான். பேசும்போது நாற்காலி சுற்றும். அதைப் பார்த்ததுமே கோணப்பட்டிக்காரர்களுக்கு நம்பிக்கை வந்துவிட்டது.

"அண்ணே, இப்ப ஜனம் இருக்கிறது ரெண்டே ஆப்புல. சலசலப்புன்னு ஒண்ணு. அதுல பேசுவாங்க, ஏசுவாங்க. பளபளப்புன்னு ஒண்ணு. அதுல வீடியோ போட்டு ஆடுவாங்க. ரெண்டு கம்பெனிக்கும் ஜென்மப் பகை. சலசலப்புல போயி 'எங்க வீடியோ பளபளப்புல இருக்கு, வந்து பாருங்க'ன்னு எழுதினீங்கன்னா, அதை ஒரு பய கண்ணுல காட்டமாட்டான். பளபளப்புக்காரனும் அப்படித்தான். அதனால அதுக்கு ஒரு ஆளு, இதுக்கு ஒரு ஆளுன்னு பிரிச்சுக்குங்க. ஒண்ணோட ஒண்ணைக் கலக்காதீங்க."

மொக்கராசு முன்னால் குனிந்தார். "பகை எதுல வந்துச்சு சார்? வாய்க்கா தகராறா?"

"ஆளு தகராறுண்ணே. இவன்கிட்ட இருந்த ஜனத்தை அவன் இழுத்துக்கிட்டான்."

"எத்தனை பேரை?"

"கோடிக்கணக்குல."

ஒச்சு நெஞ்சில் கை வைத்துக்கொண்டான். "ஒரே ஒரு பொண்ணை இழுத்துக்கிட்டு ஓடுனதுக்கே நம்மூர்ல மேலத்தெருவும் கீழத்தெருவும் ரெண்டு தலைமுறையா மூஞ்சியில முழிக்கிறதில்ல. கோடிப் பேரை இழுத்தா விடுவாங்களா?"

டெல்வின் மொக்கராசுவின் போனில் சலசலப்பையும் ஒச்சுவின் போனில் பளபளப்பையும் ஏற்றிக் கொடுத்தான். அவன் செய்த ஒரே தப்பு, அதற்கப்புறம் அவர்களை வீட்டுக்கு அனுப்பியது.

கோணப்பட்டியில் பகை என்றால் அதற்கு முறை இருக்கிறது. பகை வீட்டில் கை நனைக்கக் கூடாது. பகையாளியோடு நேருக்கு நேர் பேசக் கூடாது. அவன் பந்தலில் நிற்கக் கூடாது. சலசலப்பு வீட்டு ஆளாகிவிட்ட மொக்கராசும் பளபளப்பு வீட்டு ஆளாகிவிட்ட ஒச்சுவும் பஸ்ஸிலேயே தனித்தனி சீட்டுக்கு மாறிக்கொண்டார்கள். வீட்டுக்கு வந்ததும் குடோன் நடுவில் சுண்ணாம்புக் கோடு கிழித்தார்கள். மெத்தைகளில் பாதி அந்தப் பக்கம், பாதி இந்தப் பக்கம். சடையன் போனில்லாதவன், அதனால் பொது ஆள். பேச்செல்லாம் அவன் வழியாகத்தான்.

"சடையா, அந்த வீட்டு ஆளை என் காலை மிதிக்காம நிக்கச் சொல்லு."

"சின்ன மச்சான், பெரிய மச்சான் காலை மிதிக்கிறீங்களாம்."

"மிதிக்கலைன்னு சொல்லு. சும்மா மேல வச்சிருக்கேன்னு சொல்லு."

"சும்மா வச்சிருக்காராம், பெரிய மச்சான்."

"அப்படின்னா சரி."

இந்த நேரத்தில் குமுளியிலிருந்து ஒரு லாட்ஜ்காரர் காரில் வந்து இறங்கினார். புது லாட்ஜ், அறைக்கு அறை தலையணை வேண்டும், இருப்பதை எல்லாம் ஏற்றிவிடுங்கள் என்றார். விலைகூடக் கேட்கவில்லை. இந்த இடத்தில் வாசகர் கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொள்ளலாம். விலை கேட்காமல் மொத்தச் சரக்கும் கேட்கிற மனிதர் ஒருவர் வாசலில் வந்து நிற்கிறார். அவருக்குப் பாதபூஜை செய்ய வேண்டாமா? காருக்காவது செய்ய வேண்டாமா?

மொக்கராசு கேட்டார்: "நீங்க எந்த வீட்டு ஆளு? சலசலப்பா, பளபளப்பா?"

"ரெண்டுலயும் இருக்கேனே" என்றார் லாட்ஜ்காரர்.

ஒச்சு காதைப் பொத்திக்கொண்டான். சடையன் அவரைத் தோளில் கை போட்டு வெளியே அழைத்துப்போய், "அண்ணே, நீங்க நல்ல மனுசனாத் தெரியிறீங்க. இதை வெளியில சொல்லாதீங்க. ரெண்டு வீட்டுலயும் கை நனைச்சவன்னு தெரிஞ்சா வெட்டிப் போட்டுருவாங்க" என்று காரில் ஏற்றி அனுப்பிவைத்தான். அந்த மனிதர் கண்ணாடியைக்கூட ஏற்றாமல் பறந்துவிட்டார்.

பேச்சியம்மாள் ஊசியைக் கீழே போட்டுவிட்டு வானத்தைப் பார்த்தாள். மேகம் பாதி மலையை முழுங்கியிருந்தது.

"போன் பண்ணிக் கேளுங்கய்யா அந்தச் சுத்துற நாக்காலிக்காரனை!"

டெல்வின் போனில் விளக்கினான்: சலசலப்பில் சண்டை இருந்தால்தான் கூட்டம் சேரும், பளபளப்பில் ஆட்டம் இருந்தால்தான் ஓடும். மொக்கராசு உட்கார்ந்து யோசித்தார். சண்டை போட ஆள் வேண்டும். தனக்கு எதிரி என்று யாருமில்லை. எனவே சலசலப்பில் தானே எழுதினார்: "மொக்கராசு மெத்தையில் மூட்டைப்பூச்சி இருக்கிறது." எழுதிவிட்டு, யாராவது "இல்லை" என்று சண்டைக்கு வருவார்கள் என்று காத்திருந்தார். ஒருத்தரும் சண்டைக்கு வரவில்லை. எல்லோரும் ஒத்துப்போனார்கள். மெத்தையைப் பார்த்தே இராத ஊர்களிலிருந்தெல்லாம், "எங்களையும் கடித்தது" என்று எழுதினார்கள்.

"என்னா ஒற்றுமை பாரு!" என்று மொக்கராசு கண்கலங்கினார்.

கோட்டுக்கு அந்தப் பக்கம் ஒச்சு ஆட்டத்துக்கு ஏற்பாடு செய்தான். சடையன் கூரை மேலிருந்து வாசலில் போட்ட மெத்தையில் குதிப்பான், ஒச்சு வீடியோ எடுப்பான். சடையன் கூரை மேல் ஏறினான். குதிப்பதற்கு முன்னால் உதறலில் ரெண்டு ஆட்டம் ஆடினான். மூன்றாவது ஆட்டத்தில் தகரம் பிளந்து, நேராக உள்ளே வந்து விழுந்தான். விழுந்தது கோட்டுக்கு மொக்கராசு பக்கம், மொக்கராசு மெத்தையில்.

"எங்க வீட்டு வீடியோவுக்குக் குதிச்சவன் பகை வீட்டு மெத்தையில விழலாமா?" என்று ஒச்சு வீடியோவை அழித்துவிட்டான். ஆக, மனிதன் கையளவு இருந்த ஓட்டை இப்போது மனிதன் அளவுக்கு ஆகியிருந்தது.

பேச்சியம்மாள் உள்ளே போய்ப் பெட்டியை எடுத்துச் சேலைகளை மடித்து வைக்க ஆரம்பித்தாள். மூன்று ஆண்களும் மறுபடி டெல்வினுக்குப் போன் போட்டார்கள். நடந்ததை அவன் கேட்கக் கேட்க நாற்காலி கிரீச்சிட்டது.

"அண்ணே, கும்பிட்டுக் கேக்குறேன், என்னை விட்டுருங்க. அந்த ரெண்டு கம்பெனியும் என்னைக்குச் சமாதானம் ஆகுதோ, அன்னைக்குத்தான் உங்களுக்கு விடிவு!"

போனை வைத்துவிட்டான். மொக்கராசு முகம் மலர்ந்தது. "வழி சொல்லிட்டான்டா!"

அவசரக் கூட்டம் கூடியது. பகையாளிகள் ஒரே பாயில் உட்காரக் கூடாது என்பதால் ரெண்டு பாய், நடுவில் சடையன்.

"பகை தீரணும்னா நம்ம பக்கத்துல என்னா வழக்கம்?" என்றார் மொக்கராசு.

"பொண்ணு கொடுத்துப் பொண்ணு எடுக்கிறது" என்றான் ஒச்சு. சடையன் அதைத் திருப்பிச் சொன்னான்.

"அப்ப ரெண்டுக்கும் கல்யாணத்தைப் பண்ணிர வேண்டியதுதான். எது மாப்பிள்ளை, எது பொண்ணு?"

"ஆடுறது, மினுக்குறது பூராம் பளபளப்பு. அதுதான் பொண்ணு" என்றான் சடையன். "ஓயாமப் பேசுறது சலசலப்பு. அதுவும் பொண்ணு மாதிரித்தான் இருக்கு."

பேச்சியம்மாள் உள்ளேயிருந்து கத்தினாள்: "ஓயாமப் பேசிட்டு ஒரு வேலையும் செய்யாதது ஆம்பளைதான்டா!"

பிரச்சினை தீர்ந்தது. மொக்கராசு மாப்பிள்ளை வீடு, ஒச்சு பெண் வீடு. ஒச்சுவின் போனுக்கு மல்லிகைச் சரம் சுற்றினார்கள். மொக்கராசுவின் போனுக்கு ஜரிகைத் துண்டு. மாப்பிள்ளை போனில் சார்ஜ் குறைவாக இருந்ததால் ஜோசியரைக் கேட்டார்கள். உடம்பு தேறின பிறகு முகூர்த்தம் வைக்கலாம் என்றார் அவர். சார்ஜ் ஏறும்வரை காத்திருந்து, சார்ஜர் ஒயரையே தாலியாகக் கட்டினார்கள். கெட்டிமேளம். பேச்சியம்மாளுக்குக்கூட மனசு இளகிவிட்டது. மாப்பிள்ளைக்குத் தாய் முறை ஆயிற்றே! பெட்டியைக் குடோனில் ஓரமாக வைத்துவிட்டு நல்ல சேலையாக ஒன்றைக் கட்டிக்கொண்டு வந்தாள்.

வந்தவள், மாப்பிள்ளையின் தாய் கேட்க வேண்டியதைக் கேட்டாள்: "பொண்ணு வீட்டுச் சீரு எங்க?"

ஒச்சு ரோஷக்காரன். கோட்டுக்கு அந்தப் பக்கம் இருந்த அத்தனை மெத்தையையும் தலையணையையும் டிராக்டரில் ஏற்றிவிட்டான். மொக்கராசு சும்மா இருப்பாரா? எதிர்சீர் என்று தன் பக்கம் இருந்த அத்தனையையும் இன்னொரு டிராக்டரில் ஏற்றினார். ஒன்று மேலத்தெரு வழியாக, ஒன்று கீழத்தெரு வழியாக ஊர்வலம் போய், பஸ் ஸ்டாப்பில் சீர் மாற்றிக்கொண்டு திரும்புவதாக ஏற்பாடு. பொண்ணு மாப்பிள்ளை இரண்டும் ஒரு தாம்பாளத்தில் சடையன் தலைமேல்.

பஸ் ஸ்டாப்பில் இரண்டு டிராக்டரும் எதிரெதிரே நின்றபோது பெண் போன் அடித்தது. டெல்வின்.

"எடுடா" என்றார் மொக்கராசு.

"கல்யாணப் பொண்ணு வாயைத் திறக்கலாமா?" என்றான் ஒச்சு. பகை வந்தபிறகு அண்ணனிடம் அவன் நேராகப் பேசிய முதல் வார்த்தை அது. இப்போது சம்பந்தி என்பதால் பேசலாம். கடைசியில் தாம்பாளத்தை இறக்காமலே சடையன் ஸ்பீக்கரில் போட்டான்.

"அண்ணே, சேதி கேட்டீங்களா? பகை தீந்துருச்சு!" என்று கத்தினான் டெல்வின்.

ஊர்வலமே கைதட்டியது.

"பளபளப்பை சலசலப்பு விலைக்கு வாங்கிருச்சு! இனிமே ஒரு இடத்துல போட்டா ரெண்டுலயும் தெரியும்!"

கைதட்டல் நின்றது. ஒச்சுவின் மீசை துடித்தது.

"விலைக்கா? ஒரு டிராக்டர் சீரோட, ஒயரு கட்டி, ஊரறிய அனுப்பி வைக்கிற பொண்ணு. விலைக்கு வாங்கினேன்னு வெளியில சொல்லுதா உங்க மாப்பிள்ளை?"

"எங்க மாப்பிள்ளை அப்படிப்பட்டது இல்ல!" என்றார் மொக்கராசு. "உங்க பொண்ணு வீட்டுலதான் காசு வாங்கியிருப்பீங்க!"

"இறக்குடா சீரை!" என்றான் ஒச்சு.

"எங்க சீரையும் இறக்குடா!" என்றார் மொக்கராசு.

இரண்டு டிராக்டரும் காலியாயின. மெத்தையும் தலையணையும் ரோட்டில் மலையாகக் குவிந்தன. ஊரே அதன்மேல் வசதியாக உட்கார்ந்து பஞ்சாயத்தை ஆரம்பித்தது. ஒருத்தர் கேள்வி கேட்பார். இன்னொருத்தர் பதில் சொல்லவேண்டிய நேரத்தில் தூங்கியிருப்பார். அவ்வளவு நல்ல மெத்தை.

மலைமேல் இடி இடித்தது. ஒரு சொட்டு, ரெண்டு சொட்டு, அப்புறம் அண்டா கவிழ்த்தது மாதிரி. ஜனம் நாலாபக்கமும் சிதறியது. குடும்பத்தார் நாலு பேரும் தாம்பாளத்தை மட்டும் தூக்கிக்கொண்டு ஓட்டமாய் ஓடிக் குடோனுக்குள் நுழைந்தார்கள்.

உள்ளே சடையன் அளவு ஓட்டை வழியாக அருவி கொட்டிக்கொண்டிருந்தது. சுண்ணாம்புக் கோடு கரைந்து ஓடிற்று. முழங்கால் அளவு தண்ணீரில் நின்றபடி மொக்கராசு ஓட்டையைப் பார்த்தார், காலியான குடோனைப் பார்த்தார், நெஞ்சைத் தடவிக்கொண்டார்.

"அம்மாடி! நல்லவேளை, எல்லாத்தையும் வெளியே எடுத்துட்டோம். இங்க கிடந்திருந்தா ஒரு தலையணை தேறியிருக்குமா?"

பேச்சியம்மாள் சுற்றிலும் பார்த்தாள். ஒரு பஞ்சுகூட உள்ளே இல்லை. "மழைக்கு முன்னாடி பூராவும் வெளியே போகணும்னு சொன்னேன். போயிருச்சு" என்றாள். புருஷனை இத்தனை வருஷத்தில் முதல்முறையாக மரியாதையோடு பார்த்தாள். மிதந்துகொண்டிருந்த பெட்டியைப் பிடித்து, சேலைகளை எடுத்துப் பிழிய ஆரம்பித்தாள்.

தாம்பாளத்தைத் தலைமேல் ஏந்தியபடி தண்ணீரில் நின்ற சடையன் கேட்டான்: "மச்சான், மழை விட்டதும் ஏறி அந்த ஓட்டையை அடைச்சுரவா?"

அண்ணனும் தம்பியும் ஒரே குரலில் அலறினார்கள்:

"அடைச்சுட்டா உள்ள வந்த தண்ணியெல்லாம் எது வழியாடா வெளியே போகும்?"