தாய்வாழை வாய் மூடிய கதை

செடிகொடிகள் வாய் ஓயாமல் பேசிக்கொண்டிருந்த காலம் அது. தேன்மலையில் பொன்னுருவி என்று ஒருத்தி இருந்தாள். செடிகளின் நோய்நொடியை ஆராய்வதே அவள் வேலை. அந்த வருஷம் இலைச்சுருள் நோய் வந்து, மலைவாழை தோப்புத் தோப்பாகச் செத்தது. மிஞ்சியது ஒரு தாய்வாழையும் அதன் காலடியில் மூன்று கன்றுகளும்தான். இதுவும் போனால் மலைவாழை என்ற பேரே போச்சு! பொன்னுருவிக்குச் சோறு இறங்கவில்லை.

நோய் எங்கே ஏறினாலும் குருத்தின் நுனியில், கடுகத்தனை இடத்தில் மட்டும் கடைசியாகத்தான் ஏறும் என்று அவள் கண்டிருந்தாள். அதை வெட்டியெடுத்து, இளநீரும் கடற்பாசிக் கூழும் ஊற்றிய குடுவையில் வைத்தால் முளைக்கும் என்று நம்பினாள். முதல் கன்றை வெட்டினாள். மூன்றாம் நாள் குடுவை முழுக்கப் பூசணம். கத்தியை நெருப்பில் வாட்டி, கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவி, இரண்டாவதை வெட்டினாள். அதிலும் பூசணம்.

"எந்த வழியாடா நுழையுறே, பாவி?" என்று கத்தினாள்.

பூசணம் சிரித்தது. "நானா நுழைஞ்சேன்? நீதானே தாயே சுமந்துவந்து இறக்கிவிட்டே!"

மூன்றாவது கன்றின் இலையும் அன்று காலையில்தான் சுருளத் தொடங்கியிருந்தது. பொழுது சாய்வதற்குள் நோய் நுனியைத் தொட்டுவிடும்.

தாய்வாழை கேட்டது: "பொன்னு, கத்தி பட்டதும் என் பிள்ளை 'ஐயோ, வலிக்குதே'ன்னு அழுதுச்சே, நீ என்ன செஞ்சே?"

யோசித்தாள். நெற்றியில் அடித்துக்கொண்டாள். "ஊதினேன் அக்கா! பிள்ளைக்கு அடிபட்டா ஊதுவோமே, அப்படி ஊதிட்டேன்!"

"அந்த மூச்சுலதான் அவன் ஏறி வந்திருக்கான்."

"இனிமே ஊத மாட்டேன், சத்தியம்!"

"அழுற பிள்ளையைப் பார்த்தா உன் வாய் சும்மா இருக்காதும்மா." தாய்வாழை மலையைப் பார்த்துக் குரல் கொடுத்தது: "எல்லாரும் வாயை மூடுங்க! ஒருத்தர் முனகினாலும் என் பிள்ளை அழுதுடும்."

மலையே அடங்கியது. பொன்னுருவி முந்தானையால் வாயை இறுகக் கட்டிக்கொண்டு வெட்டினாள். கன்று துடித்தது, சத்தம் போடவில்லை. வெட்டுவாயில் நீர் மட்டும் வடிந்தது. அவள் கண்ணிலும்தான்.

மூன்றாம் நாள் பூசணம் இல்லை. ஒன்பதாம் நாள் குடுவைக்குள் பச்சையாக ஒரு புள்ளி!

"அக்கா, முளைச்சிருச்சு!" என்று ஓடிவந்தாள். தாய்வாழை இலையை அசைத்தது, பேசவில்லை. எங்கே ஒரு குரல் கேட்டுப் பிள்ளை அழுதுவிடுமோ, யாராவது ஊதிவிடுவார்களோ என்ற பயம்.

குடுவையில் கன்று வளர்ப்பவர்கள் கத்தியைத் தொடும் முன் வாயைக் கட்டிக்கொள்வது அன்றிலிருந்துதான். அந்தப் பயம் செடிகளுக்கு இன்னும் தெளியவில்லை. வாழையை வெட்டிப் பாருங்கள், நீர்தான் வடியும், சத்தமே வராது.