விட்டுப்போன ஒற்று

“நான் யாருக்கு என்ன கெடுதல் பண்ணினேன்?” என்று கேட்டுக்கொண்டே வந்தாள் உலகம்மாள்.

பேச்சி நிமிர்ந்து பார்க்கவில்லை. நொச்சிச் செடியின் அடியில் மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தாள்.

உலகம்மாளுக்கு வயது ஐம்பத்தெட்டு. அச்சகத்தில் முப்பது வருஷம் பிழை திருத்தி ஓய்வு பெற்றவள். கல்யாணப் பத்திரிகையை நீட்டினால் நாளையும் மண்டபத்தையும் பார்க்கமாட்டாள், எங்கே ஒற்று விட்டுப்போயிருக்கிறது என்று பார்ப்பாள்.

பேச்சிக்கு முப்பத்துமூன்று. காலையில் பெண்களுக்கு ஸ்கூட்டர் ஓட்டக் கற்றுக்கொடுப்பாள். மற்ற நேரமெல்லாம் மலையடிவாரத்து ஐந்து சென்ட் நிலத்தில் செடிகளோடுதான். இருவரில் சின்னவள்தான் குரு. அதில் அவர்களுக்குச் சங்கடம் எதுவும் இல்லை, ஊருக்குத்தான் இருந்தது.

பேச்சிக்கு மழை சாமி, மரம் சாமி, வேலியோரம் வரிசையாக நட்டு வைத்த ஏழு கல்லும் சாமி. பௌர்ணமிக்கு ஒரு விளக்கு ஏற்றுவாள். சாரல் தொடங்கும் நாளில் முதல் தண்ணீரைக் கையில் ஏந்திக் குடிப்பாள். மூலிகையைப் பறிக்குமுன் மஞ்சள் நூலால் அதற்குக் காப்புக் கட்டி, நான் யார், எதற்காகக் கேட்கிறேன் என்று சொல்லி அனுமதி வாங்குவாள். இவ்வளவுதான் அவள் வழிபாடு. இதற்குப் பூசாரியும் கிடையாது, உண்டியலும் கிடையாது. அதனாலேயே ஊர் இதை நம்புவதில்லை.

இரண்டு வருஷமாக உலகம்மாளும் இப்படித்தான் வாழ்கிறாள். குடியிருக்கிற அடுக்குமாடியின் மொட்டை மாடியில் பத்துத் தொட்டியும் ஏழு கல்லும் ஒரு விளக்கும் வைத்திருக்கிறாள்.

“உட்காருங்க அக்கா. என்ன நடந்துச்சு?”

“லிஃப்ட் நின்னுபோச்சு.”

“சரி.”

“மூணாம் மாடிப் பிள்ளைக்குக் காய்ச்சல். செயலாளர் பால்வண்ணன் காரு மரத்துல இடிச்சுட்டு. எல்லாத்துக்கும் நான்தான் காரணமாம். மாடியில கல்லை வச்சுக்கிட்டு சூனியம் வைக்கேனாம்.”

“லிஃப்டுக்குமா?”

“சிரிக்காதீங்க.”

உலகம்மாளின் கண் கலங்கியிருந்தது. பையிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினாள்.

“குடியிருப்போர் சங்கத்துல குடுத்தது. சாயங்காலம் அஞ்சு மணிக்குக் கூட்டம். இதுல கையெழுத்துப் போட்டுட்டு, கல்லை எல்லாம் தூக்கி எறியணும். இல்லன்னா வீட்டைக் காலி பண்ணணும். வாடகைக்கு விட்ட ஓனரும் சரின்னுட்டார்.”

பேச்சி கையைத் துப்பட்டாவில் துடைத்துக்கொண்டு தாளை வாங்கினாள். நடுவில் ஒரே ஒரு வரி தட்டச்சு செய்யப்பட்டிருந்தது.

நான் சூனியக்காரி அல்ல.

அதற்குக் கீழே கையெழுத்துக்கு ஒரு கோடு.

“இவ்வளவுதானா?”

“இருக்கது ஒரு வரி, அதுலயும் ஒரு பிழை. ‘நான்’னு தொடங்கினா ‘அல்லேன்’னு முடியணும். ‘அல்ல’ பலவின்பாலுக்கு வாரது. ‘அவை என் கற்கள் அல்ல’ன்னு எழுதலாம். ‘நான் அல்ல’ன்னு எழுதப்படாது.”

சொல்லும்போதே அவளுக்கு வெட்கமாக இருந்தது. இருக்கிற வீடு போகப்போகிறது, இவள் இலக்கணம் பேசிக்கொண்டிருக்கிறாள்.

“பிழையைத் திருத்திட்டுக் கையெழுத்துப் போட்டுரவா? நீங்களே சொல்லுங்க. மனசுக்குள்ள நான் மாறப்போறதில்ல. கல்லை ஒரு பெட்டியில போட்டு வச்சுக்கிடலாம். மழை எங்க இருந்தாலும் பெய்யத்தான செய்யும்?”

பேச்சி தாளைத் திருப்பிக் கொடுத்தாள். கூடவே மஞ்சள் தடவிய நூல் ஒன்றையும் கொடுத்தாள்.

“எனக்குத் தலை பாரமா இருக்கு. கொஞ்சம் நொச்சி பறிச்சுத் தாங்க.”

உலகம்மாளுக்கு எரிச்சல் வந்தது. என்ன கேட்டு வந்தோம், இவள் என்ன வேலை வைக்கிறாள் என்று நினைத்தாள். ஆனாலும் குந்தினாள். தண்டில் நூலைக் கட்டி, வேரில் தண்ணீர் ஊற்றினாள். அவள் உதடு மட்டும் அசைந்தது.

“கேக்கல,” என்றாள் பேச்சி.

“செடிக்குக் கேட்டிருக்கும்.”

“எனக்குக் கேக்கல.”

“நொச்சியே, தலைப்பாரத்துக்கு உன் தழை கொஞ்சம் வேணும். தருவியா?”

“கேக்கது யாரு?”

“நான்தான்.”

“நான்னா?”

“உலகம்மாள்.”

“ஊருக்குள்ள நூறு உலகம்மாள் இருக்காங்க. செடிகிட்ட வந்து பேசுத இந்த உலகம்மாள் யாரு?”

உலகம்மாள் வாயைத் திறந்தாள். வேலிக்கு அப்பால் பால்காரர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனார். போகிற போக்கில் இந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

“சித்த வைத்தியத்துல ஆர்வம் உள்ளவ,” என்றாள் உலகம்மாள், பால்காரருக்குக் கேட்கும்படி.

பேச்சி குனிந்து செடியிலிருந்து நூலை அவிழ்த்தாள்.

“இன்னைக்கு வேண்டாம் அக்கா. தலைப்பாரத்தோடயே இருந்துக்கிடுதேன்.”

“ஏன்?”

“ஆள் யாருன்னு தெரியாம அது எப்படிக் குடுக்கும்?”

உலகம்மாளுக்குச் சுருக்கென்றது. கூடவே கோபமும் வந்தது. எழுந்து சேலையைத் தட்டிவிட்டாள்.

“உங்களுக்கென்ன, சொந்த இடம். எனக்கு வீடு போனா எங்க போவேன்? மகன்கிட்டப் போனா அவனும் இதே கையெழுத்தைத்தான் கேப்பான்.”

“ஆமா,” என்றாள் பேச்சி. “போகும்.”

“என்ன போகும்?”

“வீடு.”

அவ்வளவுதான். ஆறுதலுக்கு ஒரு சொல்கூட இல்லை. நாம் பார்த்துக்கொள்ளலாம், எல்லாம் சரியாகிவிடும் என்றெல்லாம் பேச்சிக்குச் சொல்ல வராது.

உலகம்மாள் பையை எடுத்துக்கொண்டு விறுவிறுவென்று நடந்தாள். இனி இந்தப் பக்கமே தலைவைத்துப் படுப்பதில்லை என்று முடிவு செய்துகொண்டாள். வெளியே வந்து இரும்புக் கதவை இழுத்துச் சாத்தினாள். அப்போதுதான் பார்த்தாள். வரும்போது கதவு உள்பக்கமாகத் திறந்து கிடந்ததால் கண்ணில் படவில்லை.

கதவின் வெளிப்பக்கம் யாரோ கரியால் கொட்டை எழுத்தில் எழுதியிருந்தார்கள்.

சூனியகாரி வீடு.

அவமானத்துக்கும் முன்னால் அவள் கண்ணுக்குத் தெரிந்தது பிழைதான். ‘ய’வுக்கும் ‘கா’வுக்கும் நடுவில் ஓர் ஒற்று வேண்டும்.

அது அங்கே இருந்தது. கரி எழுத்துகளுக்கு இடையில் விட்டுப்போன எழுத்தைச் செருகுகிற கூரைக் குறி ஒன்று, அதற்கு மேல் வெள்ளைச் சாக்பீஸில் சின்னதாக ஒரு ‘க்’. பேச்சியின் கையெழுத்து.

உலகம்மாள் கதவுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள்.

“இது எப்போ எழுதினது?”

“போன வாரம்.”

“அழிக்கலையா?”

“பேர்ப்பலகை ஒண்ணு வைக்கணும்னு ரொம்ப நாளா நினைச்சுக்கிட்டே இருந்தேன். யாரோ எழுதிக் குடுத்துட்டுப் போயிருக்காங்க. ஒரு எழுத்து விட்டுப்போச்சு, போட்டேன்.”

“ஸ்கூட்டர் பழக வாரவங்க பாத்தா?”

“பாத்தாங்க. நாலு பேர் வாரதை நிறுத்திட்டாங்க.”

பேச்சி மறுபடியும் மண்ணைக் கிளற ஆரம்பித்தாள்.

“ரெண்டு பேர் புதுசா வந்துருக்காங்க. ஸ்கூட்டருக்கு இல்ல.”

உலகம்மாள் அந்தச் சின்ன ‘க்’கை இன்னொரு தடவை பார்த்தாள். பிறகு பஸ் பிடிக்கப் போனாள்.

ஐந்து மணிக்குக் கார் நிறுத்துமிடத்தில் பிளாஸ்டிக் நாற்காலிகள் போட்டிருந்தார்கள். இருபது பேர் இருந்தார்கள். நடுவில் செயலாளர் பால்வண்ணன். போன ஐப்பசியில் மூக்கடைப்பு என்று இவளிடம் நொச்சி வாங்கி ஆவி பிடித்தவர்தான். அதை இப்போது அவர் மறந்திருந்தார், அல்லது அது வெளியே தெரிந்துவிடுமோ என்பதுதான் அவர் பயமோ என்னவோ.

“உங்க நல்லதுக்குத்தாம்மா சொல்லுதோம்,” என்றார் அவர், கனிவாகவே. “ஒரே ஒரு கையெழுத்து. இத்தோட விட்டுரலாம்.”

உலகம்மாள் பையிலிருந்து சிவப்புப் பேனாவை எடுத்தாள். சமையலறை ஜன்னலும், அதன் வழியாகத் தெரியும் மலையும், காலையில் அங்கே நின்று குடிக்கும் காப்பியும் நினைவுக்கு வந்தன. அந்த வீட்டை அவளுக்கு ரொம்பப் பிடிக்கும். இன்னொரு வீடு இந்த ஊரில் அவளுக்குச் சுலபமாகக் கிடைக்காது என்பதும் தெரியும்.

தாளில் குனிந்தாள். ஒரு கோடு இழுத்தாள். ஓரத்தில், அச்சகத்தில் போடுகிற மாதிரியே, நீக்கல் குறி போட்டாள். கீழே முழுப் பெயரையும் எழுதிக் கையெழுத்துப் போட்டு நீட்டினாள்.

பால்வண்ணன் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு எல்லோருக்கும் கேட்கும்படி உரக்கப் படித்தார்.

“நான் சூனியக்காரி…”

அடுத்த சொல்லைத் தேடினார். தாளைக் கிட்டத்தில் கொண்டுபோய்ப் பார்த்தார். பின்வரிசையில் யாரோ ஒரு பெண் களுக்கென்று சிரித்தாள்.

“என்னம்மா இது? கடைசிச் சொல்லை அடிச்சு வச்சிருக்கீங்க?”

“பிழை இருந்துச்சு,” என்றாள் உலகம்மாள். “திருத்திட்டேன்.”