திறந்து வைத்த தட்டு

அந்தச் செம்மறி ஆடு இடப்பக்கமாகவே சுற்றிச் சுற்றி நடந்தது. பிறகு சுவரில் தலையை முட்டிக்கொண்டு நின்றது. நின்றபடியே செத்தது.

அதன் மூளையிலிருந்து எடுத்த துணுக்கை அருளப்பன் கூழ் பரப்பிய கண்ணாடித் தட்டில் வளர்த்துப் பார்த்தார். பச்சையாகப் பூசணம் படர்ந்தது.

பாதி ஆயுளை ஆடுமாடுகளோடு கழித்துவிட்டு, பூசணம் படிக்கவென்று ஆய்வகத்துக்கு வந்த கால்நடை மருத்துவர் அவர். ஆசிரியை நாச்சியார் அவரைவிட இளையவர். அதில் அருளப்பனுக்கு வெட்கமில்லை. அவசரம்தான் கொஞ்சம் அதிகம்.

"பிடிச்சிட்டேன் மேடம். வைக்கோல்லருந்து வந்திருக்கு. மிச்சத்தைக் குழி தோண்டிப் புதைக்கச் சொல்லிடட்டுமா?"

ஆட்டுக்காரர் சுடலைக்கண்ணு வெளியே காத்திருந்தார். இந்தக் கோடையில் அந்த வைக்கோலை விட்டால் அவர் மந்தைக்கு வேறு தீனி இல்லை.

நாச்சியார் புதுத் தட்டு ஒன்றைத் திறந்து மேசைமேல் வைத்தார்.

"இதுல எதைத் தடவணும்?"

"எதையும் தடவ வேண்டாம். உட்காருங்க."

இருவரும் சும்மா உட்கார்ந்திருந்தார்கள். பிறகு தட்டை மூடி வெதுவெதுப்பான பெட்டிக்குள் வைத்தார் நாச்சியார்.

"இதுல என்ன முளைக்குதுன்னு தெரியுற வரைக்கும், கொஞ்ச நாளைக்கு வைக்கோலை நிறுத்திட்டு வேப்பந்தழை ஒடிச்சுப் போடச் சொல்லுங்க."

சில நாள் கழித்து எடுத்தபோது அதே பச்சை. அருளப்பன் இரண்டு தட்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"அப்ப நான் வளர்த்தது ஆட்டோடது இல்லையா? இந்த ரூமோடதா?"

"அது தட்டுக்குத் தெரியாது. சதையைப் பாருங்க."

சீவிச் சாயமேற்றிய மூளைத் துண்டு நுண்ணோக்கியில் இருந்தது. அருளப்பன் குனிந்தார். ரத்தக்குழாயின் சுவரைத் துளைத்துக்கொண்டு, சாயத்தில் கறுத்த பூசண இழைகள் போயின. காற்றில் வந்து விழுந்தது அப்படித் துளைக்காது. ஆடு நடந்துகொண்டிருந்தபோதே அது உள்ளே வளர்ந்திருக்கிறது.

"இருக்கு மேடம்."

"இப்பப் போய்ச் சொல்லுங்க."

சுடலைக்கண்ணு தலையாட்டினார். பாதி மந்தையை விற்றுவிட்டு வைக்கோலைப் புதைத்துவிடுவதாகச் சொன்னார். போகும்போது நின்றார்.

"எல்லா ஆடும் அதத்தான தின்னுச்சு? வைக்கோல ஒதறுன நானும் அந்தத் தூசியத்தான இழுத்தேன்? அது மட்டும் ஏன் ஐயா சுத்துச்சு?"

அருளப்பன் பயந்துபோய் உள்ளே வந்தார்.

"நாமளும் இதைத்தான் தினமும் மூச்சுல இழுக்குறோம் மேடம். நமக்குள்ள ஏன் வளரல?"

நாச்சியார் நுண்ணோக்கியின் விளக்கை அணைத்தார்.

"வளரலன்னு எதை வச்சுச் சொல்றீங்க? நம்மளை இன்னும் யாரும் சீவிப் பாக்கலையே."