மரநாயின் காலைக் கழுவிய புறா

காட்டுக் குளத்தின் கரையில் ஒரு பழைய மாதா கோயில் இருந்தது. மனிதர்கள் அங்கே வருவதை விட்டு எத்தனையோ காலமாகிவிட்டது. அதன் மணிக்கோபுரத்து உச்சியில் அமலி என்கிற வெள்ளைப் புறா, பொரித்து ஐந்தே நாளான இரண்டு குஞ்சுகளோடு குடியிருந்தது. மார்கழி வந்தால் குளத்திலிருந்து மூடுபனி எழுந்து பாதிக் கோபுரத்தை விழுங்கிவிடும். காற்று பட்டுப் பெரிய மணி மெல்ல முனகும். மேகத்துக்குள் வீடு கட்டி வாழ்கிறோமோ என்று அமலிக்குத் தோன்றும்.

மேலே போக ஒரே வழி, உள்ளே சுற்றிச் சுற்றி ஏறும் குறுகலான மரப்படிக்கட்டு. அதன் முதல் படியில் சவரியான் என்கிற சாரைப்பாம்பு சுருண்டு கிடக்கும். கழுகு வந்தால் அமலி மேலிருந்து குரல் கொடுத்து அதைக் காப்பாற்றும். பதிலுக்கு, அமலி சரி என்று சொன்னவரை மட்டும்தான் சவரியான் மேலே விடும். இருவருக்கும் இடையே இதுதான் ஏற்பாடு.

இன்னொரு வழக்கமும் அங்கே உண்டு. மனிதர்கள் இருந்த காலத்தில் ஈஸ்டருக்கு முன் வரும் பெரிய வியாழன்தோறும் சாமியார் மக்களின் கால்களைக் கழுவுவாராம். மனிதர்கள் போய்விட்டார்கள், வழக்கம் புறாக்களிடம் தங்கிவிட்டது. விருந்தாளி யார் வந்தாலும், குளத்தில் மார்பை நனைத்து வந்து, அந்த ஈர இறகால் அவர் காலைக் கழுவிய பிறகே புறாக்கள் மேலே அழைக்கும்.

ஒரு நாள் விடியற்காலை. பனி பால்போல் கவிந்திருந்தது.

"தோத்திரம் தாயே!" என்று கீழே ஒரு குரல் கேட்டது.

அமலி இறங்கி வந்து பார்த்தது. ஞானமுத்து என்கிற மரநாய் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றது.

"ராவெல்லாம் அலைஞ்சு களைச்சுட்டேன் தாயே! குளிர் எலும்பைத் துளைக்குது. மேலே ஒரு மூலையில முடங்கிக்கிறேன். உங்க குஞ்சுகளுக்கு என் வாலையே போர்வையாப் போடுறேன்!"

அமலி உருகிப்போயிற்று. என்ன பணிவு! என்ன இனிமையான பேச்சு!

"ஏ புள்ள, மரநாய் எதைத் தின்னும்னு தெரியுமா உனக்கு?" என்று சவரியான் கிசுகிசுத்தது.

"சும்மா இரு! தோத்திரம் சொல்லி வந்தவரைச் சந்தேகப்படுறது பாவம்."

"அதைச் சொல்ல நாக்கு இருந்தாப் போதும். நாக்கு ரெண்டாப் பிளந்தவன் சொல்றேன், கேட்டுக்கோ!"

அமலி கேட்கவில்லை. குளத்தில் மார்பை நனைத்து வந்து மரநாயின் முதல் காலைக் கழுவத் தொடங்கியது. சேறு கரைந்தது. நக இடுக்கில் மஞ்சளாக ஏதோ ஒட்டியிருந்தது. உற்றுப் பார்த்தது. புறாக் குஞ்சின் மெல்லிய இறகுத் தூவி! அதே மஞ்சள் தூவிதான் மேலே தூங்கும் இரண்டு குஞ்சுகளின் மேலும் இருந்தது.

 ஆனாலும் அமலி நிறுத்தவில்லை. நான்கு கால்களையும் கழுவி முடித்துவிட்டுச் சவரியானிடம் போயிற்று.

"நீ சொன்னதுதான் சரி."

"அப்பாடா! இப்பவாவது புரிஞ்சுதே! சிரிச்ச முகமா உள்ளே கூப்பிடு. நான் ஒதுங்கிக்கிறேன். மூணாவது படி உளுத்துக் கிடக்கு, அடியில பாழுங்கிணறு. மிச்சத்தைக் கிணறு பாத்துக்கும்!"

அந்த யோசனை ஒரு கணம் அமலிக்குப் பிடித்தே இருந்தது. பிடித்துப் போனதை நினைத்துத்தான் அதற்குப் பயம் வந்தது.

"வேண்டாம் சவரியான். வாங்கன்னு கூப்பிட்டே கொல்லணுமா? உன் கண்ணை மட்டும் எனக்குக் கொடு, உன் கிணறு எனக்கு வேண்டாம்."

"அப்போ குஞ்சுங்க?"

"நீ படியை விட்டு நகராதே. அது போதும்."

அமலி மரநாயின் முன்னால் வந்து நின்றது. "அண்ணே, உங்க நகத்துல குஞ்சுத் தூவி இருந்துச்சு. உங்களை மேலே விட மாட்டேன். இந்த வாசல் வளைவுக்குள்ள பனி விழாது, படுத்துக்குங்க. அத்திப்பழம் கொண்டு வந்து போடுறேன்."

ஞானமுத்துவின் கண்ணில் பொலபொலவென்று நீர் வழிந்தது. "அது பழைய தப்பு தாயே! மன்னிக்கணும்னு உங்க சாமி சொல்லலையா?"

"மன்னிச்சாச்சு அண்ணே. நீங்க மனசு மாறியிருந்தா எனக்கு ரொம்பச் சந்தோஷம். ஆனா அதுக்காக உங்களைக் குஞ்சுங்க பக்கத்துல படுக்க வைக்க முடியாது."

வழிந்த நீர் சட்டென்று நின்றது. மரநாய் படியை நோக்கி ஒரே பாய்ச்சலாகப் பாய்ந்தது! சவரியான் வழியை அடைத்து எழும்பிச் சீறியது.

"கடிச்சுடாதே!" என்று அமலி கத்தியது.

எட்டடி நீளப் பாம்பைப் பார்த்து மரநாய் வாலைச் சுருட்டிக்கொண்டு பின்வாங்கியது.  ஆனாலும் அமலி சொன்னபடியே போய் அத்திப்பழம் பறித்து வந்து அதன் முன்னால் போட்டது. அது தின்றுவிட்டு வளைவுக்குள் சுருண்டு தூங்கியது. படியில் பாம்பும், வாசலில் புறாவும் கண் இமைக்காமல் இருந்தன.

வெயில் ஏறியது. பனி நூல் நூலாகப் பிரிந்து குளத்தின் மேல் மிதந்தது. மரநாய் எழுந்து சோம்பல் முறித்தது.

"தூவியை எப்போ பாத்தே?" என்று கேட்டது.

"முதல் காலைக் கழுவும்போதே பாத்தேன் அண்ணே."

"பாத்த பிறகும் மத்த மூணு காலையும் எதுக்குக் கழுவுன?"

"அழுக்கா இருந்துச்சே அண்ணே!"

ஞானமுத்து தலையைக் குனிந்தது. தன் கால்களையே பார்த்துக்கொண்டு மிச்சமிருந்த பனிக்குள் மெல்ல நடந்து போய்விட்டது.

அன்பு காட்டுவதற்கு ஆள் பார்க்க வேண்டியதில்லை. ஆனால் பிறர் வஞ்சத்தைக் கண்டுகொள்ளும் கண்ணும், அதே வஞ்சத்தைச் செய்யாத மனமும் நமக்குச் சேர்ந்தே இருக்க வேண்டும்.