பல்லி பலிக்கச் செய்த பொய்

பெரியவர்களும் கேளுங்கள், மடியில் இருக்கும் பிள்ளைகளும் கேளுங்கள். வெகுகாலத்துக்கு முன்னே, ஊர்வனவற்றின் சொல்லுக்கும் வலு இருந்த நாளிலே, வெண்குன்றம் என்றொரு ராஜ்ஜியம் இருந்தது. அதன் ஓரத்தில் ஆலங்குறிச்சி என்ற சிற்றூர். அங்கே கடைத்தெரு மூலையில் வடிவாச்சியின் சாப்பாட்டுக் கடை.

கூரை தாழ்ந்த கடை. குனிந்துதான் நுழைய வேண்டும். வந்தவனிடம் என்ன வேண்டும் என்று வடிவாச்சி கேட்கமாட்டாள். முகத்தைப் பார்ப்பாள். இருமுகிறவனுக்கு மிளகு ரசம். பெண்டாட்டியோடு சண்டை போட்டு வந்தவனுக்கு இன்னொரு கரண்டி சோறு. தினம் வருகிறவன் வராத நாளில் அவன் இடத்தில் இலை போட்டு வைப்பாள். வழிப்போக்கர் யாராவது அந்த இடத்தில் உட்கார்ந்து, இலைக்கு உரியவன் பேரைச் சொல்லி வாழ்த்திவிட்டுச் சாப்பிடுவார்.

அந்தக் கடைச் சுவரில் பொன்னிறப் பல்லி ஒன்று இருந்தது. ஒருவர் பேசும்போது அது 'இச் இச் இச்' என்றால் பேசினது பேசினபடியே பலித்துவிடும். அதனால் அங்கே யாரும் யாரையும் சபிப்பதில்லை.

தாய் தகப்பன் இல்லாத மருதப்பன் அந்தக் கடைச் சோற்றில்தான் வளர்ந்தான். எந்தக் கிணற்றுத் தண்ணீரில் வெந்த சோறு என்று கண்ணை மூடிக்கொண்டே சொல்லிவிடுவான். அந்த நாக்கின் புகழ் பரவி, அரண்மனையில் ராஜாவின் சாப்பாட்டை ருசி பார்க்கும் வேலை கிடைத்தது. "எங்கே கற்றாய்?" என்று கேட்டார்கள். மூலைக் கடையைச் சொல்ல அவனுக்குக் கூச்சம். "கடல் தாண்டி, ஒரு பெரிய குருவிடம்" என்றான்.

ஊர்த் திருவிழாவுக்கு அதிகாரிகளோடு பல்லக்கில் வந்தான். கன்னத்தில் கரி, கையில் கரண்டியோடு வடிவாச்சி ஓடி வந்தாள்.

"டேய் மருதப்பா! இப்படி இளைச்சுட்டியேடா! உள்ளே வா, கத்தரிக்காய்க் குழம்பு இப்பத்தான் இறக்கினேன்."

அதிகாரிகள் சிரித்தார்கள். "யாரய்யா இவள்? உமக்கு உறவா?"

மருதப்பனுக்கு முகம் எரிந்தது. "தெரியாது. இந்தக் கடையை நான் பார்த்ததே இல்லை."

இச் இச் இச்.

அவ்வளவுதான். அவன் கண்ணுக்குக் கடை இல்லை, கரண்டி இல்லை, வடிவாச்சி இல்லை. மொட்டைச் சுவர்தான் நின்றது. பார்க்காத கடையில் கற்ற ருசி மட்டும் எப்படி இருக்கும்? அன்று முதல் உப்பும் மண், சர்க்கரையும் மண்.

ஊர் எழுவதற்குள் ஒரு விடியலில் வந்தான். இந்தப் பக்கம் பார்த்தான், அந்தப் பக்கம் பார்த்தான், சுவரில் வாய் வைத்து முணுமுணுத்தான். "அக்கா, எனக்கு இந்தக் கடை தெரியும்." பல்லி பேசவில்லை. சுவர் அசையவில்லை.

மறுபடி ஒரு நாள் பட்டுப்புடவையோடு வந்து, யார் கண்ணிலும் படாமல் சுவரோரம் ஒதுங்கி நின்று முணுமுணுத்தான். "அக்கா, உனக்குத்தான் இது." பல்லி பேசவில்லை. சுவர் அசையவில்லை. ஆனால் சுவருக்குப் பின்னால் பேச்சுக் குரல் கேட்டது.

"அந்த நன்றி கெட்டவனுக்கு இன்னும் எதுக்கு இலை போடுறே?" நெசவுக்காரர் சங்கிலியின் குரல்.

"சும்மா இருங்கண்ணே. வெயில்ல வந்தான், கண்ணு கூசியிருக்கும். என்னை அடையாளம் தெரியல, அவ்வளவுதான்."

பிறகு யாரோ ஒரு வழிப்போக்கரின் குரல்: "மருதப்பன் நல்லா இருக்கட்டும்."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பான். பட்டுப்புடவையை வாயில் பொத்திக்கொண்டு, குனிந்த தலை குனிந்தபடியே போனான்.

அந்த வாரமே அரண்மனையில் ஒரு விருந்து. பாயசத்தில் சர்க்கரைக்குப் பதில் உப்பு விழுந்திருந்தது. மருதப்பன் ருசி பார்த்து, "அமிர்தம்!" என்றான். இளவரசி ஒரு வாய் குடித்துத் துப்பினாள். சபை கொல்லென்று சிரித்தது.

ராஜா சிரிக்கவில்லை. "உன் நாக்குக்கு ஏதோ நோய். கொடுத்தவரிடமே மருந்து கேட்போம். உன் குரு எந்தத் தேசம்? கப்பலைத் தயார் செய்யச் சொல்கிறேன்."

குரு இறந்துவிட்டார் என்று சொன்னால் தப்பிக்கலாம். அந்த வார்த்தை பல்லுக்குப் பின்னால் வந்து நின்றது. ஆனால் எங்கோ ஒரு வழிப்போக்கர் தன்னை வாழ்த்திவிட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருப்பார் என்று நினைத்ததும் அதை விழுங்கினான்.

"கப்பல் வேண்டாம் மகாராஜா. ஆலங்குறிச்சிதான்."

ராஜா வந்தார், அதிகாரிகள் வந்தார்கள், ஊரே கூடியது.

"நல்ல வாசனை வருகிறதே! இந்தக் கடையா?" என்றார் ராஜா.

"எனக்குச் சுவர்தான் தெரியுது மகாராஜா."

"பைத்தியம்!" என்றார் ஓர் அதிகாரி.

மருதப்பன் தெருப்புழுதியில் மண்டியிட்டான். இந்த முறை முணுமுணுக்கவில்லை.

"கடலும் இல்லை, குருவும் இல்லை. பசியோட வந்த என்னை வளர்த்தது இந்தக் கடை. எனக்குச் சோறு போட்டது இந்த அக்கா. இவங்க கூப்பிட்டப்போ, பக்கத்துல நின்னவங்க சிரிச்சாங்கன்னு தெரியாதுன்னு சொன்னேன். அக்கா, அன்னிக்கு என் கண்ணு கூசல. உன்னை நல்லாத் தெரிஞ்சுது. தெரிஞ்சுதான் சொன்னேன்."

இச் இச் இச்.

சுவர் பனிபோல் விலகியது. தாழ்ந்த கூரை, அடுப்புப் புகை, வாசலில் வடிவாச்சி. கண் கூசியிருக்கும் என்பதை அவள் உண்மையாகவே நம்பியிருந்தாள். அது அவள் முகத்தில் தெரிந்தது. பட்டுப்புடவையோடு நின்ற அன்று வந்ததைவிடப் பெரிய வெட்கம் அவனுக்கு இப்போதுதான் வந்தது.

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "ஊர் முன்னால இதை ஏண்டா சொன்னே?" அடுப்புப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். "சரி, கையைக் கழுவு. குழம்பு ஆறுது."

ராஜாவும் கிரீடத்தைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு குனிந்து நுழைந்தார். மூன்று தரம் சோறு வாங்கிச் சாப்பிட்டார். அரண்மனைச் சமையல்கட்டுக்கே தலைவியாக வரச்சொல்லிக் கூப்பிட்டார். "நான் வந்துட்டா இவங்க முகத்தை யார் பார்க்கிறது?" என்றாள் வடிவாச்சி. ராஜா அவள் கடைக்கு விளைநிலம் எழுதி வைத்தார். உண்மை சொன்னதற்காக மருதப்பன் வேலையை அவனுக்கே விட்டார்.

மருதப்பன் ஒரு வாய் வைத்தான். புளி தெரிந்தது, காரம் தெரிந்தது, எந்தக் கிணற்றுத் தண்ணீர் என்பதும் தெரிந்தது. ஆனாலும் அவன் தலை நிமிரவில்லை.

"என்னடா, இலைக்குள்ளேயே விழுந்துடுவே போலிருக்கு?" என்றாள் வடிவாச்சி, இன்னொரு கரண்டி சோறு வைத்தபடி. "நிமிர்ந்து சாப்பிடு. என் முகத்தைப் பாரு."

பார்த்தான்.

அந்த அடுப்பு நெடுநாள் அணையாமல் எரிந்தது. கதை கேட்ட உங்கள் வீட்டு அடுப்பும் அப்படியே எரியட்டும்.