கல்லுக்குழிக்கு ஒரு டயர்

வத்தலக்குண்டிலிருந்து மலை ஏறும் சாலையின் ஆரம்பத்தில் பாண்டீஸ்வரி மாஸ்டரின் டயர் கடை இருக்கிறது. பதினாறு வருஷம் காப்பி எஸ்டேட்டில் ஜீப் ஓட்டியவர். கடை வைத்த பிறகு, மலையில் வண்டி ஓட்டப் பயந்தவர்களுக்கு ஓட்டச் சொல்லிக்கொடுக்கவும் ஆரம்பித்தார். அதனால் மாஸ்டர் என்ற பேர் ஒட்டிக்கொண்டது. வயது முப்பத்தெட்டு.

அவரிடம் கற்றுக்கொண்டவர்களில் வயதில் மூத்தவன் இன்பராஜ். மதுரையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் இருபத்தாறு வருஷம் நர்ஸாக இருந்தவன். ஐம்பது முடிந்ததும் அந்த வேலையை விட்டுவிட்டு மலைக்கு வந்தான். இனிமேல் குணமாகாது என்று வீட்டுக்கு அனுப்பப்பட்டவர்கள் அங்கே ஊருக்கு இரண்டு பேராவது கிடந்தார்கள். கடைசி நாட்களில் அவர்களுக்கு வலி தெரியாமல் பார்த்துக்கொள்வதுதான் அவன் வேலை. ஒரு தொண்டு அமைப்பு சம்பளமும் ஒரு சின்ன எஸ்யூவியும் கொடுத்திருந்தது.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை அவன் கையில் நோட்டோடு கடைக்கு வந்தான்.

"மாஸ்டர், டயர் மாத்தணும்."

மாஸ்டர் குனிந்து நான்கு சக்கரத்தையும் பார்த்தார். "இன்னும் ஒரு வருஷம் ஓடுமேண்ணே."

"சேத்துல நிக்காத டயர் வேணும்."

நோட்டைப் பிரித்துப் படித்தான். பதினோரு டயர்களின் பெயர், அளவு, எடை, யார் என்ன சொன்னார்கள் என்பதெல்லாம் அதில் இருந்தது. மாஸ்டர் ஒரு பஞ்சர் ஒட்டி முடிக்கும் வரை அவன் படித்துக்கொண்டிருந்தான்.

"பெரிய பட்டன் வச்ச சேத்து டயரே போட்டுடலாம்னு இருக்கேன். சைஸும் ஒண்ணு கூட்டி" என்று முடித்தான்.

"சின்ன வண்டிண்ணே. பெருசு போட்டா வளைவுல ஒடிக்கறப்ப உரசும். கனம் கூடினா ஏத்தத்துல இழுக்காது. மழையில தார் ரோட்டுல பிரேக் அடிச்சா, சேத்து டயர் தள்ளிக்கிட்டுப் போகும். நீங்க போற வழியில தார் எத்தன கிலோமீட்டர்?"

"முப்பத்தெட்டு."

"மண்ணு?"

"ஏழு."

"அந்த முப்பத்தெட்டுலயும் ஆளுங்க நடக்கறாங்க."

"தெரியும் மாஸ்டர். ஆனா அந்த ஏழுலதான்..." என்றவன் நிறுத்திக்கொண்டான். நோட்டை மூடி மடியில் வைத்துக்கொண்டான்.

மாஸ்டர் கையைத் துடைத்துக்கொண்டு அவன் எதிரில் உட்கார்ந்தார். "என்ன ஆச்சு?"

அவன் சொன்னான். பன்னிரண்டு நாளுக்கு முன்னால் நடந்தது. கல்லுக்குழி என்ற ஊரில் சின்னக்காளை என்று ஒருவர், வாயில் புற்றுநோய். வலிக்கு மார்ஃபின் மாத்திரை கொடுத்து வந்தான். அன்றைக்கு மதியம் அவர் மனைவி கருப்பாயி போன் செய்தாள். மாத்திரை உள்ளே போக மாட்டேன் என்கிறது, துடிக்கிறார் என்றாள். அவன் ஊசி மருந்தை எடுத்துக்கொண்டு உடனே கிளம்பிவிட்டான். ஒன்றரை மணிக்கு, ஊருக்குக் கீழே ஒரு செம்மண் பள்ளத்தில் வண்டி இறங்கியது. இறங்கியதுதான், ஏறவில்லை. மழை பிடித்துக்கொண்டது. கல் போட்டான், கிளை வெட்டிப் போட்டான். போனில் சிக்னல் இல்லை. ஐந்தரை மணிக்கு அந்த வழியாக வந்த ஒரு டிராக்டர் இழுத்துவிட்டது. வீட்டுக்குப் போனபோது, சின்னக்காளை இறந்து அரை மணி நேரம் ஆகியிருந்தது.

"வலியோடயே போயிட்டாரு மாஸ்டர்."

மாஸ்டர் கையிலிருந்த துணியை மடித்துக் கீழே வைத்தார்.

"அன்னையிலேருந்து மண் ரோட்டுல நான் இறங்கல. அந்தப் பக்கம் இன்னும் ரெண்டு பேரு இருக்காங்க. தார் ரோடு வரைக்கும் தூக்கிட்டு வரச் சொல்லிட்டேன். நேத்து ஒரு அம்மாவ நாற்காலியில வச்சு நாலு பேரு தூக்கிட்டு வந்தாங்க. கீழ இறக்கறப்ப அந்தம்மா மொகத்தப் பாத்தேன்." மடியிலிருந்த நோட்டின் மூலையை மடக்கினான். "நல்ல டயர் போடாம என்னால இறங்க முடியாது."

"அதுக்கப்புறம் கருப்பாயியப் பாத்தீங்களா?"

"இல்ல."

மாஸ்டர் எழுந்தார். "நாளைக்குக் காலையில வாங்க. போட்டுப் பாத்துட்டு வாங்கலாம்."

மறுநாள் அவன் வந்தபோது, அவனுடையதைப் போன்ற இன்னொரு வண்டியிலிருந்து கழற்றிய நான்கு டயர்கள் ரிம்மோடு தயாராக இருந்தன. மண்ணைக் கவ்வும் ரப்பர் பட்டன் கொஞ்சம் ஆழமாக, ஓரம் தடிப்பாக இருந்தது. சேற்று டயர் அளவுக்கு முரட்டுத்தனம் இல்லை.

"ஏடி டயர். தாருக்கும் ஆகும், மண்ணுக்கும் ஆகும். உங்க சைஸ்தான்" என்று சொல்லி மாஸ்டர் மாட்டிவிட்டார். அவனை ஓட்டச் சொல்லிவிட்டுப் பக்கத்தில் ஏறிக்கொண்டார்.

"எங்க போறோம்?"

"கல்லுக்குழிக்கு."

அவன் சாவியைத் திருகவில்லை. மாஸ்டர் அவசரப்படுத்தவில்லை. வாசலில் இரண்டு லாரி போன பிறகு வண்டி கிளம்பியது.

இரவு மலையில் மழை பெய்திருந்தது. தார் முடிந்த இடத்தில் மாஸ்டர் இறங்கி, ஒவ்வொரு டயரிலும் காற்றைக் கொஞ்சம் பிடுங்கிவிட்டார். "மெத்துனு இருக்கற டயர்தான் மண்ணப் புடிக்கும். தாருக்கு வந்ததும் மறுபடி அடிச்சுக்கணும்."

பள்ளம் வந்தது. அன்றைக்கு அவன் வெட்டிப்போட்ட கிளைகள் சேற்றில் அமுங்கிக் கிடந்தன. அவன் வேகத்தைக் குறைத்தான்.

"ரெண்டாவது கியர். மிதிக்கவும் வேணாம், விடவும் வேணாம். ஒரே சீரா" என்றார் மாஸ்டர்.

வண்டி இறங்கியது. ஒரு நொடி பின்பக்கம் அசைந்தது. பிறகு டயர் மண்ணைப் பிடித்துக்கொண்டு அக்கரை ஏறிவிட்டது. ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.

மேட்டில் வண்டியை நிறுத்திவிட்டு அவன் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தான். சந்தோஷப்பட வேண்டிய இடம். ஆனால் அவன் திரும்பிப் பள்ளத்தைப் பார்த்தான்.

"அன்னைக்கு இது இருந்திருந்தா..."

"போங்கண்ணே" என்றார் மாஸ்டர்.

இரண்டு வளைவு தாண்டியதும், டிராக்டர்கள் போய்ப் போய் இரண்டு பக்கமும் முழங்கால் ஆழத்துக்குத் தடம் விழுந்திருந்தது. நடுவில் மண் மேடு. அவன் ஓரமாக எடுக்கப் பார்த்தான். ஓரம் சரிந்தது. வண்டி தடத்துக்குள் வழுக்கி, வயிறு மேட்டின்மேல் உட்கார்ந்துவிட்டது. சக்கரங்கள் சுற்றின. வண்டி அசையவில்லை.

முன்னால் எடுத்தான். பின்னால் எடுத்தான். இறங்கிப் போய்க் கல் பொறுக்கிக்கொண்டு வந்தான்.

"அஞ்சு நிமிஷம் மாஸ்டர். இதோ எடுத்துடறேன்."

கல்லை வைத்துவிட்டு ஏறி மிதித்தான். என்ஜின் அலறியது. கல் தெறித்தது. மறுபடி இறங்கினான்.

"கொஞ்சம் அசைஞ்சுச்சு. இன்னும் ஒரே ஒரு தடவ."

நாலாவது தடவை அவன் ஏறி உட்கார்ந்தபோது, மாஸ்டர் கையை நீட்டிச் சாவியைத் திருப்பி எடுத்தார். சத்தம் நின்றது. பின் சீட்டிலிருந்த மருந்துப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு இறங்கினார்.

"வாங்கண்ணே."

"வண்டி?"

"இங்கதான் இருக்கும்."

அவர் நடக்க ஆரம்பித்துவிட்டார். அவன் இரண்டு தரம் திரும்பி வண்டியைப் பார்த்தான். பிறகு அவர் பின்னால் போனான். ஆஸ்பத்திரி நாளிலிருந்து போடுகிற அதே வழவழப்பான தோல் ஷூ. ஈரமண்ணில் கால் நிற்கவில்லை. ஒரு இடத்தில் முட்டி போட்டு விழுந்தான். மாஸ்டர் கை கொடுத்துத் தூக்கிவிட்டார். மிளகுக்கொடி ஏறிய மரங்களுக்கு நடுவே பாதை வளைந்து வளைந்து ஏறியது. மூச்சு வாங்கியது, ஆனால் தாங்கக்கூடிய மூச்சுதான்.

ஒரு வளைவில் ஓட்டு வீடு தெரிந்தது. அவன் வாட்சைப் பார்த்தான். வண்டியை விட்டுப் பதினைந்து நிமிஷம் ஆகியிருந்தது. அன்றைக்கு நின்ற பள்ளத்திலிருந்து என்றால் இன்னும் ஒரு பத்து நிமிஷம் கூட. மனசுக்குள் கூட்டிப் பார்த்துவிட்டு அங்கேயே நின்றுவிட்டான்.

மாஸ்டரும் நின்றார். அவனுடைய முகத்தைப் பார்த்தார். பிறகு முன்னால் நடந்தார்.

கருப்பாயி வாசலில் மொச்சை உரித்துக்கொண்டிருந்தாள். அவனைக் கண்டதும் எழுந்து, சேலையில் கையைத் துடைத்துக்கொண்டாள்.

"வாங்க சார். வண்டி நின்னுருச்சா?"

"எப்படித் தெரியும்மா?"

"சத்தம் கேட்டுச்சே."

"இங்க கேக்குமா?"

"நல்லாக் கேக்கும். அன்னைக்கும் கேட்டுச்சு." பாயை விரித்தாள். இருவரும் உட்கார்ந்தார்கள். "மொதல்ல சத்தம் வந்ததுமே அவருகிட்டச் சொன்னேன், சார் வந்துட்டாருன்னு. என் கையப் புடிச்சுக்கிட்டாரு. ஒவ்வொரு தடவ வண்டி உறுமறப்பவும் சொன்னேன், இதோ வந்துட்டாரு, இதோ வந்துட்டாருன்னு. சாயந்திரம் வரைக்கும் சொல்லிக்கிட்டேதான் இருந்தேன்."

அவன் தலையைத் தூக்கவில்லை.

"எங்களுக்காக யாரும் அவ்வளவு நேரம் மழையில நின்னு மல்லுக்கட்டினதில்ல சார்."

குற்றமாக அவள் சொல்லவில்லை. அவள் குரலில் நன்றிதான் இருந்தது. அதுதான் அவனால் தாங்க முடியாததாக இருந்தது.

"நான் நடந்து வந்திருக்கணும்மா" என்றான். "ஒவ்வொரு தடவையும், இதோ வண்டி வந்துடும்னு நெனச்சேன். அப்படியே நாலு மணி நேரம் போச்சு. நடந்திருந்தா அரை மணி நேரத்துல வந்திருப்பேன்."

கருப்பாயி அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளும் அந்தக் கணக்கை இப்போதுதான் போட்டிருக்க வேண்டும். கையிலிருந்த மொச்சையைத் தட்டில் போட்டாள்.

"மழை பேஞ்சுச்சே சார்" என்றாள்.

அவன் அழுதான். ஆஸ்பத்திரியில் எத்தனையோ சாவைப் பார்த்தவன், ஒருவர் வீட்டிலும் அழுதவனில்லை. கருப்பாயி உள்ளே போய்ச் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தாள். மாஸ்டர் தட்டை இழுத்துவைத்துக்கொண்டு மீதி மொச்சையை உரிக்க ஆரம்பித்தார்.

வெகுநேரம் கழித்துத்தான் கிளம்பினார்கள். கருப்பாயி அவர்களை வெறுமனே விடவில்லை. கடுங்காப்பி போட்டுக் கொடுத்தாள். கணவர் போட்டோவை எடுத்துக் காட்டினாள். கல்யாணத்துக்கு மறுவருஷம் எடுத்ததாம். அப்போது அவர் முகம் எப்படி இருந்தது என்று இன்பராஜ் பார்க்க வேண்டும் என்று அவளுக்கு இருந்தது. அவன் போட்டோவைக் கையில் வாங்கி நிதானமாகப் பார்த்தான்.

"வாரம் ஒரு தடவ இந்தப் பக்கம் வருவீங்கல்ல சார்?" என்று கேட்டாள். "மருந்துக்கில்ல. சும்மா."

"வர்றேம்மா."

வண்டிக்குத் திரும்பி வந்து, அவள் கொடுத்த மண்வெட்டியால் நடு மேட்டை வெட்டிச் சரித்தார்கள். வண்டி வெளியே வந்தது. மண்வெட்டியைத் திருப்பிக் கொடுக்க மறுபடி மேலே நடந்தது இன்பராஜ்தான். மாஸ்டர் வண்டியில் உட்கார்ந்திருந்தார்.

தார் ரோட்டுக்கு வந்ததும், மாஸ்டர் கால் பம்பால் காற்றடித்துக்கொண்டிருந்தபோது, அவன் நாற்காலியில் தூக்கிவரப்பட்ட அம்மாவின் வீட்டுக்குப் போன் செய்தான்.

"நாளைக்கு அம்மாவத் தூக்கிட்டு வர வேணாம். நானே அங்க வர்றேன்."

மறுமுனையில் மகன் தயங்கினான். "ரோடு ரொம்ப மோசமா இருக்கே சார். வண்டி வருமா?"

இன்பராஜ் மண் பாதையைத் திரும்பிப் பார்த்தான். "பாக்கறேன் தம்பி" என்று வைத்துவிட்டான்.

இருவரும் கடைக்கு வந்து சேர்ந்தார்கள். வண்டியை நிறுத்தியபின் அவன் இறங்கி, சேறு அப்பிய டயர்களைச் சுற்றி வந்து பார்த்தான்.

"மாஸ்டர், எதப் போடட்டும்?"

"இதையே போட்டுக்கங்க. நல்ல டயர்."

"இதுவும் நின்னுச்சே."

மாஸ்டர் தண்ணீர்க் குழாயைத் திறந்து சக்கரத்தைக் கழுவிக்கொண்டிருந்தார். திரும்பி அவன் காலைப் பார்த்தார். தோல் ஷூ இரண்டும் செம்மண்ணில் ஊறி, வாயைப் பிளந்திருந்தன.

"டயர் இது போதும்ண்ணே" என்றார். "அடியில நல்ல பட்டன் வச்ச செருப்பா ஒண்ணு வாங்கி, வண்டியில போட்டு வச்சுக்கங்க."