ஏரிக்கு வைத்தியம் பார்க்க வந்த மூவர்

காடெல்லாம் ஊராகாத, ஊருக்கெல்லாம் ராஜா வந்து எட்டிப் பார்க்காத காலத்தில் நெடுங்கரை என்று ஓர் ஊர் இருந்தது, கேளுங்கள். அங்கே ஊர்க் காரியங்களை ஊர்ச்சபையே பார்த்துக்கொண்டது. பார்த்துக்கொண்டேதான் இருந்தது, செய்தது குறைவு.

அந்தச் சபையில் ஏரிக்குப் பொறுப்பாளர் சாத்தனார். நல்ல மனிதர். யார் மனமும் நோகப் பேச மாட்டார். அதனாலேயே பதவி அவரை விட்டுப் போகவில்லை.

ஒரு கார்காலத்தில் ஏரி நிரம்பியது. மிச்சத் தண்ணீர் வெளியேறாமல் முட்டிக்கொண்டு நின்றது. கரை உடைந்தால் முதலில் போவது கீழத்தெரு. அங்கேதான் சாத்தனாரின் மகள் குழலி பச்சைக்குழந்தையோடு இருந்தாள். பேரனின் முகம் நினைவுக்கு வரும்போதெல்லாம் கிழவர் கரைக்குப் போய்த் தண்ணீர் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று பார்த்துவிட்டு வருவார்.

தண்ணீர் ஏன் வெளியேறவில்லை? ஊருக்கே தெரியும். உபரித் தண்ணீர் போகும் ஓடையை ஒருவன் மண் கொட்டி மேடாக்கி, வாழை வைத்திருந்தான். அவன் பெயர் அரங்கன். சாத்தனாருடைய மனைவியின் தம்பி.

சபை கூடியது. எல்லோரும் சாத்தனாரைப் பார்த்தார்கள். சாத்தனார் கூரையைப் பார்த்தார்.

"இது சாதாரண நோயல்ல. தலைநகரிலிருந்து வல்லுநரை வரவழைப்போம்" என்றார்.

சபைக்கு அப்பாடா என்றிருந்தது.

முதல் வல்லுநர் பல்லக்கில் வந்தார். தடபுடலாக விருந்து நடந்தது. இலையும் பழமும் அரங்கன் தோட்டத்துச் சரக்கு. வல்லுநர் ஏப்பம் விட்டுக்கொண்டே சாத்தனாரைத் தனியே அழைத்து, "நான் என்ன சொன்னால் உங்களுக்கு வசதி?" என்று கேட்டார். கரையை உயர்த்துங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். ஊரே மண் சுமந்தது. கரை உயர்ந்தது, கூடவே ஏரியும் உயர்ந்தது.

இரண்டாம் வல்லுநர் குதிரையில் வந்தார். அதே விருந்து, அதே இலை, அதே பழம். "நெடுங்கரை மக்கள் தண்ணீரைப் பார்க்கும் பார்வை மாற வேண்டும்" என்றார். சபை ஆகா என்றது. என்ன சொன்னார் என்று ஒருவருக்கும் விளங்கவில்லை. கேட்டால் மட்டி என்பார்களே என்று ஒருவரும் கேட்கவில்லை. ஏரி இன்னும் உயர்ந்தது.

மூன்றாவதாக, அணை கட்டுவதில் பேர்போன நங்கையார் நடந்தே வந்தார். விருந்துக்கு உட்காராமல் கரையைச் சுற்றிப் பார்த்துவிட்டு நேரே சபைக்குள் நுழைந்தார்.

"தண்ணீர் போகும் வழியில் வாழை நிற்கிறதே, உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும் அம்மா" என்றது சபை.

"பிறகு என்னை எதற்கு அழைத்தீர்கள்?"

சாத்தனார் மென்று விழுங்கினார். "நீங்கள் சொல்லிவிட்டு ஊருக்குப் போய்விடுவீர்கள். நாங்கள் சொன்னால் நாளைக்கும் அவன் முகத்தில் விழிக்க வேண்டுமே!"

"சரி, நானே சொல்லிவிட்டேன். வெட்டுவது யார்? அதற்கும் தலைநகரிலிருந்து ஆள் வருமா?"

வருமா என்று சபை மும்முரமாக யோசிக்கத் தொடங்கியது.

அதற்குள் வானம் பிளந்ததுபோல் மழை கொட்டியது. கீழத்தெருப் பக்கம் கரை கசிகிறது என்று கூக்குரல் எழுந்தது. சாத்தனார் அரிவாளைத் தூக்கிக்கொண்டு ஓடினார். மண்வெட்டிகளோடு சபையும் பின்னால் ஓடியது.

அரங்கன் வழிமறித்தான். "அத்தான்! என் அக்காள் முகத்தில் எப்படி விழிப்பீர்கள்?"

"உன் அக்காளின் பேரன் கீழத்தெருவில் கிடக்கிறான். தள்ளிப் போடா!"

பிறந்தது முதல் யாரையும் அதட்டாத வாய் அது. அரங்கன் திகைத்து ஒதுங்கினான். முதல் வாழையைச் சாத்தனாரே வெட்டினார். மேட்டை வெட்டித் திறந்ததும் தண்ணீர் தோட்டத்தை வாரிக்கொண்டு ஓடியது. கரை பிழைத்தது. குழந்தையும் பிழைத்தது.

மழை விட்டபின் சாத்தனார் நங்கையாரிடம் போய், "அம்மா, ஓடைவாய் அரித்துப் போகாமல் கல் அடுக்க எங்களுக்குத் தெரியாது. சொல்லித் தருவீர்களா?" என்று கேட்டார்.

"இதற்கல்லவா என்னை அழைத்திருக்க வேண்டும்!" என்று சிரித்தார் நங்கையார். ஊர்க்காரர்களே கல் அடுக்கப் பழகும்வரை இருந்துவிட்டுப் புறப்பட்டார்.

சாத்தனார் வீட்டில் மட்டும் வெகுகாலம் குழம்பில் உப்பு விழவில்லை. அவரும் உப்புக் கேட்காமல் சாப்பிட்டார்.

ஆகையால், ஊரை ஆளுகிறவர்களே, தெரியாததைக் கற்றுக்கொள்ள வெளியூர் வல்லுநரை அழையுங்கள். தெரிந்ததைச் செய்யப் பயந்துகொண்டு அழைக்காதீர்கள்.